மெத்தென்று ஓடிய கார்

அத்தியாயம் 14

பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற மனிதர் பத்தேகாலுக்கே வந்து அழைப்பு மணியை அழுத்தினார். தையலம்மா சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை அப்போதுதான் நாக்கு நுனிவரை கொண்டு வந்திருந்தாள். மணிச் சத்தத்தில் அது திரும்பவும் உள்ளே போய்விட்டது.

நேற்று மாலையிலிருந்து அது உள்ளே கிடந்து உறுத்துகிறது. பெரியவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, "படிச்சுப் பாரும்மா, அப்பா வண்டிக்கு நானே சர்ட்டிபிகேட் போட்டுட்டேன்" என்றாளே, அந்த நிமிஷத்திலிருந்து. காகிதத்தின் அடியில் மகளின் கையெழுத்து. அதற்கு மேல் இரண்டு வரி: 'நாற்பத்தேழாம் எண் சஸ்பென்ஷன், தொழிற்சாலையில் பொருத்தியபடியே உள்ளது. எந்தப் பாகமும் மாற்றப்படவில்லை.'

மாற்றப்பட்டிருக்கிறது. இந்த வீட்டில் அது தெரிந்த இருவரில் ஒருவரான அவள் கணவர் ஏழு மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இவள்தான்.

காலையிலிருந்து மூன்று முறை முயன்று பார்த்துவிட்டாள். ஏழு மணிக்குப் பெரியவள் போனில் இருந்தாள். எட்டு மணிக்குக் கொட்டகையில் காரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி சின்னவன் இருந்திருந்தால் அந்த வேலை அவனுடையது. அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு நாள் சொல்லாமல் வண்டியை எடுத்துப் போய், கதவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறலோடு திரும்பி வந்தான். "இனிமே இந்த வண்டியில கை வைக்க உனக்கு உரிமை கிடையாது" என்றாள் அக்கா. கை வைக்காதவன் காலும் வைக்கவில்லை. அப்பாவின் சாவன்று கூட கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டான்.

ஒன்பதரைக்குப் பெரியவள் தலை துவட்டிக்கொண்டே வந்தாள். "என்னம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு? வித்துடப் போறோமேன்னு வருத்தமா?"

"அது இல்லடி. அந்த வண்டியில..."

"தெரியும்மா. எனக்கும்தான் கஷ்டமா இருக்கு. ஆனா ஓட்ட ஆள் இல்லாம நின்னா ரப்பர் எல்லாம் இறுகிப் போயிடும். நல்ல கைக்குப் போகட்டும்." சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தேடிப் போய்விட்டாள்.

இதோ, மணியும் அடித்துவிட்டது.

காரின் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பணக்காரர் இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றுக்கு ஷோரூமில் ஆர்டர் கொடுத்தார். கூடுதல் பணம் கட்டி வாங்கும் வசதிகளின் பட்டியலில், கெத்துக்காக நாற்பத்தேழாம் எண்ணையும் டிக் செய்தார். அது பந்தயக்காரர்களுக்கான சஸ்பென்ஷன். குட்டை ஸ்பிரிங், இறுக்கமான ஷாக் அப்சார்பர், நான்கு சக்கரத்துக்கும். வண்டி வந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நான் கேட்டது கார்யா. பல்லைக் கழட்டற மிஷின் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், முன்பணத்தைக்கூடக் கேட்டு வரவில்லை.

ஒன்றரை வருஷம் தூசி குடித்துக் கிடந்த வண்டியை அந்த ஷோரூமின் தலைமை மெக்கானிக் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். தையலம்மாவின் கணவர்.

அந்த மாடலில் நாற்பத்தேழு போட்டு வந்தவை மொத்தமே நாற்பத்தொரு வண்டிகள். வாங்கியவர்களில் பாதிப் பேர் முதுகுவலி தாங்காமல் முதல் வருஷமே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். யாருக்கும் வேண்டாததால் அரிதாகிப் போன சாமானுக்கு இப்போது அடிதடி. அது உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் விலை இரண்டு பங்கு வித்தியாசம். "வேண்டாம்னு தூக்கிப் போட்டாங்க பாரு, அவங்கதான்மா இதுக்கு விலை ஏத்தி விட்டவங்க" என்பாள் பெரியவள். பழைய கார்களுக்கு மதிப்பீடு போட்டுக் கொடுப்பது அவள் தொழில். அந்தத் தொழிலில் மூலதனம் என்று ஒன்றும் கிடையாது, கையெழுத்தைத் தவிர.

வந்தவர், வாங்கப் போகிறவரின் பரிசோதகர். தொழிலில் அவருக்கு 'டார்ச்' என்று பெயர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன டார்ச் லைட் இருக்கும். போன வருஷம் ஒரு மதிப்பீட்டாளர், எவனோ ஒட்டிய போலி ஸ்டிக்கரை நம்பிச் சர்ட்டிபிகேட் கொடுத்தார். டார்ச் வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு, பார்த்ததை எழுதினார். "அந்த ஆள் இப்ப மொபைலுக்குக் கவர் விக்கறாரும்மா" என்று பெரியவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தச் சிரிப்பை நினைத்தபடியே தையலம்மா அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

கொட்டகையில் கரும்பச்சை நிறத்தில் கார் மினுமினுத்தது. அதன் கீழே கணவர் வெட்டிய குழி. நின்றபடி வேலை பார்க்கிற ஆழம், மேலே ஆறு மரப்பலகை மூடி. தையலம்மா டீயைச் சாக்காக வைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

டார்ச் அவசரப்படாத மனிதர். டிக்கி மூடியின் உள்பக்கம் தொழிற்சாலை ஒட்டிய வசதிப் பட்டியல் ஸ்டிக்கரைப் படித்தார். 'நாற்பத்தேழு' என்ற இடத்தில் நகத்தால் மெல்லச் சுரண்டினார். பெயரவில்லை. எஞ்சின் நம்பரை எழுதிக்கொண்டார். கதவுக் கீறலைத் தடவினார்.

"இது?"

"வீட்டுச் சண்டை சார்" என்றாள் பெரியவள்.

"எழுதிக்கறேன்" என்றார், சிரிக்காமல்.

பிறகு முன்சக்கரத்துக்கு மேலே இரண்டு உள்ளங்கையையும் வைத்து, உடம்புப் பாரத்தை இறக்கி அமுக்கிக் கையை எடுத்தார்.

அந்தக் காலத்தில் அங்கே அமுக்கினால் சுவரை அமுக்கியதுபோல் இருக்கும். இப்போது வண்டி தழைந்தது, எழுந்தது, இன்னொரு முறை தழைந்து, தொட்டில்போல ஆடி நின்றது.

டார்ச் திரும்பவும் அமுக்கினார். திரும்பவும் தொட்டில்.

"நாற்பத்தேழு கொஞ்சம் முரடுன்னு கேள்வி."

"வயசாச்சு இல்லையா சார். ரப்பர் தளர்ந்திருக்கும்" என்றாள் பெரியவள்.

"உயரமும் ரெண்டு விரல் கூடத் தெரியுது."

"அப்பா டயர் மாத்தியிருந்தாரு. அதனாலதான் இருக்கும்."

பார்க்காத ஒன்றுக்குப் பெண் அடுக்கடுக்காகக் காரணம் சொல்வதைத் தாயால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏம்மா, ஒரு நிமிஷம் உள்ள வாயேன்."

"அப்புறம்மா."

"ஒரே நிமிஷம்டி."

"அம்மா." பெரியவள் குரலைத் தாழ்த்தினாள். "வேலை நடக்குது. நீ உள்ள போய் உட்காரு."

"குழியத் திறந்துடலாமா?" என்றார் டார்ச்.

முதல் பலகையை இழுத்தார்கள். இரண்டாவது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தையலம்மாவுக்கு முதுகெலும்பில் அறுவை சிகிச்சை நடந்தது. முப்பது வருஷம் தையல் மிஷின் முன் குனிந்ததற்குக் கூலி. வீட்டுக்கு வந்த மூன்றாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை, கணவர் வழக்கம்போல் அவளைக் காரில் கூட்டிப் போனார். தபால் நிலையத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. அதில் ஏறி இறங்கியதும் அவள் கைக்குட்டையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தம் வரவில்லை. ஆனால் அவர் பார்த்துவிட்டார்.

மூன்றாவது பலகை. நான்காவது.

அடுத்த ஞாயிறு முழுக்க அவர் குழிக்குள்ளேயே இருந்தார். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "இப்ப ஏறிப் பாரு" என்றார். வண்டி மெத்தென்று போனது. "கழட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். "பெரியவகிட்ட மட்டும் சொல்லிடாத. அப்பா வண்டியில ஒரு போல்ட்டைக்கூட தொடலன்னு அவ ஊர் பூரா பீத்திக்கிட்டுத் திரியறா" என்றார். அது இரண்டு பேர் உட்காரும் வண்டி. அந்த இரண்டு பேர் அவர்கள் மட்டும்தான். எட்டு வருஷம் அந்த ரகசியத்தின் மேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு ஊரைச் சுற்றினார்கள்.

ஆறாவது பலகையும் போனது. டார்ச் பையிலிருந்து விளக்கை எடுத்தார். முதல் படியில் கால் வைத்தார்.

"நில்லுங்க சார்" என்றாள் தையலம்மா. "கீழ இருக்கறது நாற்பத்தேழு இல்ல."

டீத் தட்டைக் கருவிப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"என்னம்மா சொல்ற?"

"என் முதுகுக்காக உங்கப்பா கழட்டிட்டார். எட்டு வருஷம் ஆச்சு."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். டார்ச் கையிலிருந்த விளக்கைக்கூட வாங்காமல், அவரைத் தாண்டிக் குழிக்குள் இறங்கினாள். செல்போன் வெளிச்சம் சக்கரத்துக்குச் சக்கரம் நகர்வது மேலே தெரிந்தது. நான்காவது சக்கரத்தின் கீழ் அது நெடுநேரம் நின்றது. ஏறி வந்தபோது புதுச் சட்டையின் கைப்பகுதியில் கிரீஸ்.

"சாதா ஸ்பிரிங் சார். சாதா ஷாக்" என்றாள்.

காலைப் படியிலிருந்து எடுத்துவிட்டு டார்ச் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் பார்க்கறதத்தான் எழுதுவேன். இன்னும் பார்க்கல" என்றார்.

அது அவர் நீட்டிய கை; சத்தமில்லாமல் சர்ட்டிபிகேட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்பு. பெரியவளுக்கும் புரிந்தது. ஆனாலும் பைலைத் திறந்து சர்ட்டிபிகேட்டை எடுத்தாள். அந்த இரண்டு வரியின் குறுக்கே கோடு போட்டாள். 'நேரில் பார்க்காமல் எழுதியது. தவறு' என்று பக்கத்தில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டு அவரிடம் கொடுத்தாள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். "இதுவரைக்கும் எத்தனை வண்டிக்கு அடியில போயிருப்பீங்க?"

"கணக்கில்ல சார்."

"இதுல மட்டும் ஏன் போகல?"

"அப்பா வண்டி சார்" என்றாள்.

டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போன டீ. "கழட்டினது இருக்காம்மா?" என்று தையலம்மாவிடம் கேட்டார். "ஒவ்வொண்ணுலயும் நம்பர் பொறிச்சிருக்கும். அது இந்த வண்டி நம்பரோட சேரும். நாலும் இருந்தா ஒண்ணும் கெட்டுப் போகல, திருப்பி மாட்டிடலாம். எட்டு வருஷம் அடிபடாம இருந்துச்சுன்னா எங்க ஆளு இன்னும் சந்தோஷப்படுவார். ஆனா நாலும் இருக்கணும். மூணு இருந்தா அது பேப்பர் பறக்காம வைக்கத்தான் ஆகும்." எழுந்து, நோட்டை மூடினார். "மூணு மணிக்கு வரேன். அதுக்குள்ள பாருங்க."

அவர் போன பிறகு வீட்டுக்குள் மூன்று மணி நேரம் இடி இடிக்காத மேகம். கொட்டகைப் பரண், கருவிப் பெட்டிகள், படிக்கட்டின் அடி எல்லாவற்றையும் பெரியவள் கலைத்துப் போட்டாள். ஒன்றும் இல்லை. கடைசியில் தையல் அறை வாசலில் வந்து நின்றாள்.

"நேத்து சாயங்காலமே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேன். நீ சந்தோஷமா இருந்த."

"சந்தோஷமா! இன்னும் ரெண்டு படி இறங்கியிருந்தார்னா நாளைக்கு நானும் மொபைல் கவர் வித்துட்டு இருப்பேன். உனக்குக் கலர் கலரா நாலு எடுத்துக் கொடுத்திருப்பேன்."

"திட்டணும்னா நேரா திட்டு. நக்கல் வேணாம்."

பெரியவள் திட்டவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தெரியக் கூடாதுன்னு ஏம்மா நினைச்சார்? உனக்காகக் கழட்டினேன்னு சொன்னா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

"உன் கண்ணுல அந்த வண்டி குறைஞ்சுடக் கூடாதுன்னு நினைச்சார்."

"வண்டியா, அவரா?"

தையலம்மா மேசை விளிம்பிலிருந்த ஒரு வெட்டுத்துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். அது அவள் பழக்கம். யாருடைய உடையைச் சிறிதாக்கினாலும் வெட்டிய துண்டைக் குப்பையில் போட மாட்டாள். பெயர் எழுதிய உறையில் போட்டு வைப்பாள். உடம்பு போடலாம், மனசு மாறலாம், பிரித்ததைத் திரும்பச் சேர்க்க ஆள் வரலாம். புதிதாகக் கல்யாணமான நாட்களில் கணவர் அதைக் கேலி செய்தார். போகப் போக அவரும் கழற்றிய ஆணியைக்கூட உறையில் போட ஆரம்பித்தார்.

மடித்த கை நின்றது.

"அவர் தூக்கிப் போட்டிருக்க மாட்டார்" என்றாள் மெதுவாக. "என்னை மாதிரிதான் வச்சிருப்பார். என் இடத்துலயேதான் வச்சிருப்பார்."

சுவரோரம் வெட்டுத்துணி அலமாரி. ஐந்து தட்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மேல் நான்கு தட்டுகள்தான் அவளுக்கு. 'கீழ்த் தட்டுல கை வைக்காத. குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்' என்று அவர் சொல்லாத வாரம் கிடையாது. அதை அக்கறை என்றுதான் எட்டு வருஷமாக நினைத்திருந்தாள். அக்கறைதான். அதில் கொஞ்சம் கள்ளத்தனமும் கலந்திருந்தது.

"கீழ்த் தட்டைத் திறடி."

முன்னால் அடுக்கியிருந்த திரைச்சீலைத் துணிகளை இழுத்துப் போட்டாள் பெரியவள். பின்னால் கித்தான் துணியில் சுற்றித் தைத்த மூட்டைகள். கனம் தாங்காமல் முதல் மூட்டை தரையில் 'தொம்' என்று இறங்கியது. அவரே தைத்திருக்கிறார். ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை, நடுவில் நூல் அறுந்து முடிச்சு மேல் முடிச்சு.

"முப்பது வருஷம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்த லட்சணம்" என்றாள் தையலம்மா. சிரிக்கத்தான் நினைத்தாள். கண் மறைத்தது.

ஒவ்வொன்றிலும் ஒரு துணி அடையாளம். முன் இடது. முன் வலது. பின் இடது. பெரியவள் கத்தரியால் பிரித்துப் பார்த்தாள். எண்ணெய்க் காகிதத்துக்குள் ஸ்பிரிங்கும் ஷாக்கும் நேற்று செய்ததுபோல் இருந்தன. பொறித்த நம்பரை விரலால் தடவி வாய்க்குள் படித்தாள். சேர்ந்தது. மூன்றும் சேர்ந்தன.

நான்காவது மூட்டை தூக்கும்போதே காற்றாக வந்தது. வெறும் கித்தான் பை. உள்ளே மடித்த ஒரு காகிதம். தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது. சின்னவன் வீட்டை விட்டுப் போன அதே வாரம்.

பெரியவள் படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். கார் நம்பரை எழுதுகிற அதே கட்டை எழுத்து:

'பின் வலது சின்னவன்கிட்ட இருக்கு. நான்தான் கொடுத்தேன். வண்டிய விக்கற அன்னைக்கு அவனும் வீட்ல இருக்கணும்.'

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து.

"நாலும் சேர்ந்தாத்தான் நாற்பத்தேழுன்னு அவருக்குத் தெரியும்" என்றாள் பெரியவள். "வேணும்னேதான் பண்ணியிருக்கார்."

"போன் பண்ணு."

"நீ பண்ணும்மா. உன் குரலுக்கு எடுப்பான்."

"என்கூட அவனுக்குச் சண்டை இல்லையே. கை வைக்க உரிமை இல்லன்னு சொன்னது யாரு?"

பெரியவள் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தாள். இல்லாத கிரீஸையும் துடைத்தாள். தம்பியின் போன் நம்பரை அவள் அழித்திருக்கவில்லை. போனை இருவருக்கும் கேட்கும்படி வைத்தாள். ஏழாவது மணியில் எடுத்தான்.

"சொல்லு." மூன்று வருஷத்துக்குப் பிறகு அவ்வளவுதான்.

"பின் வலது..." என்று ஆரம்பித்தாள்.

அந்தப் பக்கம் ஏதோ மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. "விக்கறீங்களா?"

"ஆமாண்டா."

"அது மெத்துன்னு போகுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உனக்கு?"

"அன்னைக்கு எடுத்துட்டுப் போனப்பவே தெரிஞ்சுது. அப்பாகிட்ட வந்து கேட்டேன். சொன்னார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார். அதான் நீ கத்தினப்ப வாயத் திறக்கல."

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வாடா" என்றாள். "அத எடுத்துட்டு வா."

"வரேன். ஆனா விக்கறதுக்கு இல்ல." தொடர்பு அறுந்தது.

அதே நேரம் வாசலில் மணி அடித்தது. மூன்று மணி ஆக இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. இந்த மனிதருக்குக் கடிகாரமும் முன்னால்தான் ஓடும் போலிருக்கிறது.

பெரியவள் எழுந்திருக்கவில்லை. தையலம்மா வெறும் கித்தான் பையைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் திறந்தாள். அவர் செருப்பைக் கழற்றும்வரைகூட இந்த முறை அவள் காத்திருக்கவில்லை.

"மூணு இருக்கு சார். நாலாவது என் பையன்கிட்ட இருக்கு. வரேன்னுட்டான்" என்றாள். "ஆனா அவன் வந்தப்புறம் இந்த வண்டி விக்கறதுக்கு இருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல."